நான்காம் நிறுத்தம், நாற்பது நிமிடம்

ஷாமிலா ஐந்தாவது தடவை அழைப்பெடுத்தபோதுதான் றிக்சன் கைபேசியைத் தூக்கினான்.

"அண்ணா, ஒருக்கா அடிச்சா எடுக்க மாட்டீங்களா?"

"முக்கியமெண்டால் திரும்ப எடுப்பீங்கள்தானே."

அது அவனுடைய பழைய கொள்கை. முக்கியமில்லாதவர்கள் ஒரு தடவையோடு விட்டுவிடுவார்கள். முக்கியமானவர்கள் மறுபடி எடுப்பார்கள். துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் கப்பல் முகவர் அலுவலகமொன்றில் கணக்காளனாக இருப்பவனுக்கு இப்படி ஒரு வடிகட்டி தேவை. அதைப் பற்றி அவன் மனைவி தர்ஷனா ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

"உங்களுக்குக் கோல் எடுக்கிற நேரத்துக்கு ஒரு பாறையோட கதைக்கலாம்."

அவள் புவிச்சரிதவியலாளர். பாறைகளோடு கதைப்பதுதான் அவள் தொழில். அவள் போய் ஒன்றரை வருடமாகிறது. டெங்கு.

"சொல்லுங்கோ," என்றான்.

"அந்த நாலாம் நிறுத்தம். அதை வெட்டப் போறன்."

றிக்சன் கதிரையில் நிமிர்ந்தான்.

ஷாமிலா புவிச்சரிதவியல் சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் வருடாந்தக் கூட்டம் இந்த முறை திருகோணமலையில். முதல் நாள் மண்டபத்தில் உரைகள். இரண்டாம் நாள் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி, மூதூர்ப் பக்கம் கொண்டுபோய்ப் பாறை காட்டுவது. அந்தப் பயணத்துக்கான திட்டத்தைத் தர்ஷனாதான் போட்டு வைத்திருந்தாள். அவள் போனதும் கூட்டமும் தள்ளிப்போனது. இந்த வருடம் ஷாமிலா வீட்டுக்கு வந்து, அவளுடைய மடிக்கணினியில் அந்தத் திட்டம் இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். றிக்சன் எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, "செலவுக் கணக்கை நான் போட்டுத் தாறன்," என்றான். அந்த மாதம் அந்த வீட்டில் பேசப்பட்ட மிக நீளமான வாக்கியம் அது.

திட்டத்தில் ஐந்து நிறுத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராகத் தர்ஷனா விபரமாக எழுதியிருந்தாள். என்ன பாறை, எந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும், சுத்தியலால் அடிக்கலாமா கூடாதா, பக்கத்தில் நாய் உண்டா என்பது வரை. நான்காவதற்கு மட்டும் ஒரு வரி. தோப்பூர் தாண்டிக் குளக்கட்டு. நாற்பது நிமிடம்.

அவ்வளவுதான்.

"நாப்பது நிமிசம் பஸ்ஸை நிப்பாட்டி வச்சு என்ன செய்யிற அண்ணா?" என்றாள் ஷாமிலா. "பஸ்காரர் காத்திருக்கிறதுக்கும் காசு கேப்பார். முப்பது பேர் வெயில்ல நிண்டு என்னைத் திட்டுவினம். மற்ற நாலுக்கும் பாறை எழுதியிருக்கு. இதுக்கு ஒண்டும் இல்ல. வெட்டினா கொஞ்சம் செலவும் குறையும்."

கணக்காளனாக அவன் அதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் தர்ஷனா காரணமில்லாமல் எதையும் எழுதுகிறவள் அல்ல. தேங்காய் வாங்கச் சொன்னாலும் எந்தக் கறிக்கு என்று சொல்லித்தான் அனுப்புவாள். அவள் கடைசியாக எழுதி வைத்த திட்டத்தில் ஒரு வரி போய்விட்டால் அது வேறு யாருடையதோ ஆகிவிடும் என்று அவனுக்குப் பட்டது.

"பாறை இருக்கு," என்றான்.

"என்ன பாறை?"

றிக்சன் யோசித்தான். அவன் வணிகப் பட்டதாரி.

"பெரிசு," என்றான்.

ஷாமிலா நல்ல செயலாளர். அன்று பின்னேரமே சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்: 'நான்காம் நிறுத்தம், பெரிய பாறை. விபரம் பின்னர்.'

விபரம் கேட்டு முதலில் எடுத்தவர் சங்கத் தலைவர், பேராசிரியர் ஜவ்பர். நான்காவது அழைப்பில் அவன் கிடைத்தான்.

"தம்பி, மௌத்தாப் போயிட்டீங்களோ எண்டு பயந்துட்டன்."

"இல்ல சேர், உயிரோடதான்."

"தோப்பூர்ப் பக்கமெல்லாம் நான் சுத்தியலோட நடந்து திரிஞ்சவன். அங்க பெரிய பாறை ஒண்டையும் நான் காணல்லியே. பிள்ளை என்னத்தைக் கண்டு வச்சிருக்கா?"

"அவ விபரமா எழுதேல்ல சேர்."

"எழுத மாட்டா. நல்ல ஆள் முதல்ல எழுத மாட்டாங்க. ஆக்களைக் கூட்டிப் போய்க் காட்டிட்டுத்தான் எழுதுவாங்க." அவருடைய குரலில் மூச்சு வாங்கியது. "ஒரு படம் எடுத்து அனுப்புங்க."

பௌர்ணமிப் போயா விடுமுறை ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. றிக்சன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கிண்ணியாப் பாலத்தில் தூண்டில் போடுகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். மூதூரில் ஒரு புரியாணிப் பார்சல் வாங்கிக்கொண்டான். தோப்பூர் தாண்டியதும் வீடுகள் குறைந்து, பற்றைக்காடும் அறுவடை முடிந்த வயலுமாகப் பாதை நீண்டது. கைபேசியில் வழி பார்க்க நினைத்தான். சிக்னல் இல்லை. விசாரித்து விசாரித்துப் போனான்.

குளக்கட்டு இருந்தது. அதில் ஏறியதும் சட்டைப் பைக்குள் கைபேசி விட்டு விட்டு அதிர்ந்தது. அலுவலகம், ஷாமிலா, மாமி. முக்கியமென்றால் திரும்ப எடுப்பார்கள். அதிர்வையும் நிறுத்திவிட்டுச் சுற்றிப் பார்த்தான்.

கட்டின் முனையில் தகரக் கூரை போட்ட தேத்தண்ணிக் கடை ஒன்று. ஜும்ஆத் தொழுகை நேரமாதலால் பூட்டியிருந்தது. கடைக்கு முன்னால் ஒரு பலகை வாங்கு. அதில் உட்கார்ந்தான். தர்ஷனா எழுதியபடியே நாற்பது நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது என்று தீர்மானித்தான்.

தண்ணீர் இருந்தது. நாலைந்து ஆடுகள் வந்து அவனை முகர்ந்துவிட்டுப் போயின. நீர்க்காகம் ஒன்று பட்ட மரத்தில் செட்டையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. நல்ல காட்சிதான். ஆனால் அதைப் பார்க்க நாற்பது நிமிடம் தேவையில்லை. களத்துக்குப் போகும் நாட்களில் அவள் எங்கே நிற்பாள், என்ன செய்வாள் என்று அவன் கேட்டதில்லை. பொழுதுபடச் சேற்றுச் சப்பாத்தோடு வருவாள். "எப்பிடி?" என்பான். "பரவாயில்ல," என்பாள். சாப்பிடுவார்கள்.

புறப்படும்போதுதான் கட்டின் அடிவாரத்தில் அந்தக் கல்லைக் கண்டான். தண்ணீர்த் தாங்கி அளவு. கறுப்பு. நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. அந்த வட்டாரத்தில் பாறை என்று சொல்லக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

பாறையைப் படமெடுக்கும்போது அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் சுத்தியலை வைப்பாள் தர்ஷனா. அவனிடம் சுத்தியல் இல்லை. புரியாணிப் பார்சலை வைத்துப் படமெடுத்தான்.

படம் குழுவுக்குப் போன பத்தாவது நிமிடத்தில் பேராசிரியர் ஜவ்பர் குரல் பதிவொன்று அனுப்பினார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"எல்லை! பிள்ளை எல்லையைப் பிடிச்சுட்டா!"

ஷாமிலா பிறகு அவனுக்கு விளக்கினாள். இலங்கையின் பழைய பாறைகள் இரண்டு பெரிய குடும்பம். இரண்டும் எங்கே முட்டுகின்றன என்பதில் வழக்கு உண்டு. அந்த இடம் இதுதான் என்கிறார் ஜவ்பர்.

"இல்லையெண்டு ஆரும் சொல்லீனமோ?" என்று றிக்சன் நம்பிக்கையோடு கேட்டான்.

"கலாநிதி பேணாட் சொல்லுவார். ஜவ்பர் சேர் பாறையைப் பாறை எண்டு சொன்னாலும் அவர் இல்லையெண்டுதான் சொல்லுவார்."

அப்படியே நடந்தது. பேணாட் ஓய்வுபெற்ற சுரங்கப் பொறியியலாளர். ஏதோ ஒரு கூட்டத்தில் ஏற்பட்ட தர்க்கத்துக்குப் பிறகு அவரும் ஜவ்பரும் ஒரே மேசையில் தேத்தண்ணி குடித்ததில்லை. எல்லை அங்கே இருக்க முடியாது, அந்த வெள்ளைக் கோடு பிந்தி வந்து புகுந்தது என்று எழுதினார். கோட்டின் தடிப்பைப் பார்த்தால் தெரியவில்லையா என்று ஜவ்பர் கேட்டார். தடிப்பு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது என்று பேணாட் கேட்டார். விவாதம் பார்சலுக்குத் திரும்பியது.

'தம்பி றிக்சன், அது அரைப் பார்சலா முழுப் பார்சலா?'

'முழு,' என்று றிக்சன் பதில் போட்டான்.

'கோழியா மாடா?'

'கோழி.'

'கோழியெண்டால் பார்சல் உயரம் கூட,' என்று யாரோ யாழ்ப்பாணத்திலிருந்து எழுதினார்கள்.

அன்று மாலைக்குள் பயணத்துக்குப் பதிந்தவர்கள் முப்பதிலிருந்து நாற்பதைத் தாண்டினார்கள். நாற்பது நிமிடம் போதாது, இரண்டு மணித்தியாலம் வேண்டும் என்றார் ஜவ்பர். அதற்கு மட்டும் பேணாட் ஒத்துக்கொண்டார், தான் மறுத்துப் பேசவே ஒரு மணித்தியாலம் வேண்டும் என்பதால்.

ஷாமிலா எடுத்தாள். மூன்றாவது தடவையில் தூக்கினான்.

"நேரம் காணாது அண்ணா. ரெண்டாம், மூண்டாம் நிறுத்தத்தை வெட்டுறன்."

"அதை வெட்டேலாது! அது தர்ஷனா எழுதினது!"

"எல்லாமே அவ எழுதினதுதானே."

அவன் ஒரு வழி கண்டான். காலை எட்டு மணிக்குப் புறப்படுவதை ஐந்தரை மணியாக்கினால் எல்லா நிறுத்தங்களும் தப்பும். தப்பின. ஆனால் ஐந்தரைக்குக் கிளம்புகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்க வேண்டும். செலவு ஏறியது. தலைக்கு விழும் காசைக் குறைக்க இன்னும் ஆட்களைச் சேர்த்தார்கள். ஆட்கள் கூடியதால் சின்ன பஸ் போய்ப் பெரிய பஸ் வந்தது. பெரிய பஸ்ஸின் சொந்தக்காரர் றம்ஸான், பாதையைப் பார்த்துவிட்டு வந்து அலுவலக வாசலில் நின்றார்.

"சேர், போனுக்கு அடிச்சடிச்சுப் பாத்துட்டுத்தான் நேர வந்தனான். பஸ் அந்தக் கட்டுல ஏறாது."

"கொஞ்சம் மெதுவாப் போனால்?"

"மெதுவாப் போனா மெதுவாக் கவிழும்."

ஆகவே கடைசித் துண்டு வழிக்கு இரண்டு ட்றக்டர் பெட்டிகள். பெட்டியில் பேராசிரியர்களை ஏற்றுவதானால் காப்புறுதி. காப்புறுதிக்காரர் நிழலுக்குக் கூடாரம் கட்டச் சொன்னார். இரண்டு மணித்தியாலம் நிற்கிற கூட்டத்துக்குக் கழிப்பறை. கூடாரத்தையும் கழிப்பறையையும் முதல் நாளே கொண்டுபோய் வைத்தால் காவலுக்கு ஆள். காவலாளிக்குச் சாப்பாடு. தர்ஷனாவின் திட்டத்தில் ஆகக் குறைந்த செலவுள்ள நிறுத்தமாக இருந்த நான்காவது, மற்ற நான்கையும் சேர்த்து விழுங்கிவிட்டது. றிக்சன் தன் வாழ்க்கையில் போட்ட மிக ஒழுங்கான கணக்கு அது. எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு இருந்தது. பாறைக்கு மட்டும்தான் இல்லை.

அந்த நாட்களில் அவன் வீட்டில் மேசை விளக்கு எரிந்தது. யாரோடாவது தினமும் பேச வேண்டியிருந்தது. மாமி ஒருநாள் மீன் குழம்போடு வந்தவள், "இப்பதான் மனிசன் மாதிரிக் கிடக்கு," என்றாள். அவன் தட்டைக் கழுவி வைத்தான்.

பிறகுதான் அந்தத் தீர்மானம் வந்தது. ஷாமிலா அதைத் தொலைபேசியில் சொல்லவில்லை. நேரிலேயே அலுவலகத்துக்கு வந்தாள். ஏதோ முக்கியமென்று நினைத்து எழுந்தான்.

"சங்கம் ஒரு முடிவெடுத்திருக்கு அண்ணா. அந்தப் பாறைக்குப் பேர் வைக்கப் போறம். தர்ஷனா பாறை."

அவன் அவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டான்.

"கறுப்புக் கல்லில பேர் வெட்டக் குடுத்தாச்சு. அண்டைக்கு நீங்கள்தான் துணியை விலக்க வேணும். பேணாட் சேரும் சம்மதம். எல்லை எண்டதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டாராம், பேரை ஒத்துக்கொள்ளுறாராம்." ஷாமிலாவுக்குக் கண் கலங்கியது. "அக்காக்குச் செய்ய வேற என்ன இருக்கு?"

"நல்லது," என்றான் றிக்சன்.

அவள் போன பிறகு அலுவலக ஜன்னலருகே நின்றான். உள்துறைமுகத்தில் சீமெந்துக் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. அவன் செய்தது இதுதான்: வெட்டப்பட இருந்த ஒரு வரியைக் காப்பாற்றப் போய், குளக்கட்டின் அடியில் கண்ட கல்லொன்றுக்கு மனைவியின் பெயரை வைத்துவிட்டான். அது நல்ல கல்லாகவும் இருக்கலாம். அவள் உண்மையிலேயே அதற்காகத்தான் நின்றாளோ என்னவோ. ஆனால் தெரியாது. தெரியாத ஒன்றில் அவளுடைய பெயரை வெட்டுகிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுவதென்று ஜவ்பருக்கு எடுத்தான். மணி போய்க்கொண்டேயிருந்தது. அவர் எடுக்கவில்லை. மதியத்து ளுஹர் தொழுகை நேரமாக இருக்கலாம். றிக்சன் கைபேசியைப் பார்த்தான். இது முக்கியமென்று அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தான். மறுபடி எடுக்க வேண்டும். எடுக்கவில்லை.

பயண நாளன்று காலை எல்லோரும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார்கள். புவிச்சரிதவியலாளர்கள் பாறைக்குத்தான் இப்படி வருவார்கள், கல்யாணத்துக்கு வரமாட்டார்கள் என்றார் பேணாட். ஒரே பஸ்ஸில் ஜவ்பர் முன்னாலும் பேணாட் பின்னாலும் உட்கார்ந்தார்கள். ஷாமிலா இடையில் நின்று இருவருக்கும் தகவல் கொண்டுபோனாள்.

முதல் மூன்று நிறுத்தங்களும் தர்ஷனா எழுதியபடியே நடந்தன. எழுதியிருந்த இடத்தில் நாய்கூட நின்றது. றிக்சனுக்கு அந்த நாயைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

தோப்பூர் தாண்டியதும் பஸ்ஸுக்குள் ஒவ்வொருவராகக் கைபேசியைப் பைக்குள் வைத்தார்கள். சிக்னல் இல்லை. ட்றக்டர் பெட்டிகளில் ஏறினார்கள். கரகரவென்று கட்டின் மேல் ஏறியதும் ஐம்பது கைபேசிகளும் ஒன்றாக அடித்தன. ஆடுகள் சிதறி ஓடின.

"ஆ, ஊர் உலகம் திரும்ப வந்துட்டுது," என்றார் கூடவே பெட்டியில் வந்த பஸ்காரர் றம்ஸான்.

கல் கூடாரத்துக்குக் கீழே இருந்தது. பெயர் வெட்டிய கற்பலகை மஞ்சள் துணியால் மூடிக் கிடந்தது. ஜவ்பர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கல்லைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பேணாட் எதிர்ப்பக்கமாக ஒரு தடவை நடந்தார். பின்பக்கத்தில் இருவரும் சந்தித்தார்கள்.

ஐம்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். றிக்சன் மட்டும் மூச்சைப் பிடிக்கவில்லை. அவனுக்கு எப்போதோ நின்றுவிட்டது போலிருந்தது.

"பேணாட்," என்ற ஜவ்பரின் குரல் கேட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே அதிசயம். "குனிஞ்சு பாருங்க. இது என்ன?"

பேணாட் முழங்காலில் இருந்து, சுத்தியலின் பிடியைக் கல்லுக்கு அடியில் விட்டுக் கிண்டினார். எதையோ இழுத்தெடுத்தார். மண்ணைத் தட்டிவிட்டு எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தார்.

நீல வார் போட்ட றப்பர்ச் செருப்பு.

"நூறு கோடி வருசப் பாறைக்குக் கீழ," என்றார் பேணாட். "எட்டாம் நம்பர்."

"இடது கால்," என்றார் ஜவ்பர்.

"ஓம். இடது கால்."

அவர்கள் இருவரும் ஒத்துக்கொண்ட முதலாவது அவதானிப்பு அதுதான். முதலில் சிரித்தவர் பேணாட். பிறகு ஜவ்பருக்கு வயிறு குலுங்கியது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கல் அந்த இடத்துக் கல்லேயில்லை. கட்டு திருத்தியபோது லொறியில் கொண்டுவந்து கொட்டி, மிஞ்சிப்போனது. பக்கத்தில் துளைக்கம்பி போட்ட அடையாளம்கூட இருந்தது. படத்தில் அதைப் பார்சல் மறைத்திருந்தது.

சிரிப்பு அடங்கியதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மஞ்சள் துணி நினைவு வந்தது. யாரும் றிக்சனைப் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

ஜவ்பர் வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"தம்பி, பிள்ளை இந்தக் கல்லுக்காக நிண்டிருக்க மாட்டா. அவக்குக் கண் இரிக்கி. கொண்டு வந்த கல்லு எது, இருந்த கல்லு எது எண்டு தூரத்திலேயே சொல்லுவா. வேற என்னவோ இஞ்ச கண்டிருக்கா. என்ன அது?"

"தெரியாது சேர்."

"அப்ப பாறை எண்டு சொன்னீங்களே?"

"இந்த நிறுத்தத்தை வெட்டப் போகினம் எண்டு சொன்னவை. அதுதான் சொன்னனான்."

ஜவ்பர் அவனையே பார்த்தார். தோளில் இருந்த கையை எடுக்கவில்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"என்ன நிக்கிறீங்க? தர்ஷனா நாப்பது நிமிசம் எழுதியிருக்கா. சும்மா எழுத மாட்டா. தேடுங்க!"

ஐம்பது பேரும் குளக்கட்டில் பரந்தார்கள். சிலர் தண்ணீர்க்கரையில் மண்ணைக் கிளறினார்கள். சிலர் வயலுக்குள் இறங்கினார்கள். பேணாட் ஒரு கரையான் புற்றைத் தட்டிப் பார்த்தார். ஷாமிலா மஞ்சள் துணி காற்றில் விலகாதபடி அதன் மேல் ஒரு சின்னக் கல்லை வைத்தாள்.

றிக்சன் கடைப் பக்கம் நடந்தான். இன்று அது திறந்திருந்தது. அதே வாங்கில் உட்கார்ந்தான். கடைக்காரப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். கேட்காமலே இஞ்சி போட்ட பிளேன்ரீ ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். பின்னாலிருந்து யாரோ "நஜ்முன் நிஸா ராத்தா, நமக்கும் ரெண்டு!" என்று கூவினார்கள். வாறன் என்று கை காட்டினாள்.

"சல்லடை போட்டுத் தேடுறாங்க," என்றாள். "காணிப் பிரச்சினையா மகன்?"

"இல்ல. பாறை தேடுகினம்."

"இஞ்ச எங்க பாறை? சேறுதானே." சற்று நின்றாள். "தர்ஷனா மிஸ்ஸிட ஆக்களா? சுத்தியல் வெச்சிரிக்கிறாங்க."

கோப்பை அவன் கையில் சுட்டது. கீழே வைக்கவில்லை.

"ஓம்."

"மிஸ் வரல்லயா?"

"வரேல்ல."

"ஒருநாளைக்கு ஒரு பஸ் சனத்தைக் கூட்டிக்கு வருவன், ராத்தா, தேத்தண்ணிய ஊத்த ஏலாமக் கிடப்பீங்க எண்டு செல்லி இரிந்தா. செல்லினபடி அனுப்பிட்டா." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இதுலதான் இரிப்பா. நீங்க இரிக்கிற இடத்துல."

றிக்சன் வாங்கைப் பார்த்தான்.

"இதில இருந்து என்ன பாத்தவ?"

"என்னத்தைப் பாக்கிற? போன் கதைக்கத்தானே நிக்கிற. இந்தக் கட்டுல மட்டும்தான் போனுக்கு ரவர் அடிக்கும். இஞ்சால போனாலும் இல்ல, அங்கால போனாலும் இல்ல."

"ஆரோட?"

"புரிசனோடதான். வேற ஆரோட? சாப்பிட்டீங்களா எண்டு கேப்பா. அவ்வளவுதான் கதை. அரை நிமிசம் வராது. வெச்சிட்டு எழும்பிப் போயிருவா."

தூரத்தில் பேணாட் எதையோ கண்டு ஜவ்பரைக் கூப்பிட்டார். றிக்சனுடைய சட்டைப் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. ஷாமிலாவாக இருக்கும். அவன் கணக்காளன். கணக்கு எங்கேயோ இடித்தது.

"அரை நிமிசக் கதைக்கு ஏன் நாப்பது நிமிசம்?"

நஜ்முன் நிஸா வெற்றுக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

"அந்த மனிசன் முதல் தரத்துல எடுக்கிறல்லயே மகன். மிச்சமெல்லாம், அவர் எடுக்கிற மட்டும் திரும்பத் திரும்ப அடிச்சிக்கு இரிக்கிற நேரம்."